பாட்டு வகுப்புக்கு எலக்ட்ரானிக் சுருதிப்பெட்டி: ஒரு கல்வியாண்டு முழுக்க வைத்துப் பார்த்த பிறகு

தொடக்கப் பள்ளியில் பாட்டு சொல்லிக்கொடுக்கிறவரிடம் நிர்வாகம் வந்து, "இந்த வருஷம் ஒரே ஒரு பொருள் வாங்கித் தருகிறோம், என்ன வேண்டும்?" என்று கேட்டால், கீபோர்டு என்று சொல்லிவிடாதீர்கள். எலக்ட்ரானிக் சுருதிப்பெட்டி கேளுங்கள். பாடுகிறவருக்குப் பின்னால் தம்பூரா மாதிரி அடிப்படைச் சுருதியை விடாமல் ஒலித்துக்கொண்டிருக்கும் பெட்டி அது. ஜூன் முதல் ஏப்ரல் வரை, ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளோடும் வைத்துப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். கச்சேரி பாடுகிறவர்களுக்கு இந்தப் பெட்டியைப் பற்றி எழுதியிருப்பவர்கள் நிறையப் பேர். அவர்கள் தேவை வேறு. ஒரு அறையில் நாற்பது பிள்ளைகள், மேலே மூன்று ஃபேன், பக்கத்து அறையில் ஏழாம் வாய்ப்பாடு, நாற்பது நிமிஷத்தில் மணி. அந்த இடத்தில் இது என்ன செய்கிறது என்பதைத்தான் நான் சொல்ல வேண்டும்.

கும்பகோணத்தில் ஒரு நர்சரி பிரைமரி பள்ளியில் நான் பாட்டு மிஸ். ஒவ்வொரு வகுப்புக்கும் வாரம் ரெண்டு பீரியட். ஏப்ரல் கடைசியில் ஸ்டாக் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடும்போது, வாங்கிய பொருள் ஒவ்வொன்றும் பிள்ளைகளுக்கு என்ன கொடுத்தது என்று என் நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது என் வழக்கம். இந்த வருஷம் அந்த நோட்டைப் பார்த்தபோது மனசு நிறைந்துவிட்டது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நாங்கள் வாங்கியது டிஜிட்டல் வகை. கையடக்க டிபன் பாக்ஸ் அளவு. உண்மையான தம்பூராவின் ஒலியைப் பதிவு செய்து, அதையே ப, ஸ, ஸ, மந்திர ஸ (கீழ் ஸ) என்று நான்கு தந்தியாகத் திரும்பத் திரும்ப மீட்டும். கட்டையை, அதாவது ஸட்ஜம் (ஸ) நிற்கும் உயரத்தை, மாற்ற ஒரு குமிழ், நுணுக்கமாகச் சரிசெய்ய இன்னொன்று, வேகத்துக்கு ஒன்று, ஒலியளவுக்கு ஒன்று. பஞ்சமம் (ப) வராத ராகத்துக்கு மத்யமம் (ம) வைத்துக்கொள்ளலாம். தொடக்கப் பள்ளியில் அதற்கு வேலை இல்லை. விலை நாலாயிரத்தை ஒட்டி. தாளமும் சேர்ந்த பெட்டி இன்னும் ரெண்டாயிரம் கூட. அது வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். இந்த வயதில் தாளம் கையில் இருக்க வேண்டும். ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல், பிறகு தட்டி வீச்சு, தட்டி வீச்சு என்று எட்டு எண்ணிக்கையைப் பிள்ளை தன் கையால் போட்டால்தான் ஆதி தாளம் உடம்பில் ஏறும். பெட்டி போட்டுக் கொடுத்தால் கை சும்மா இருக்கும்.

கம்பெனிப் பெயரை எழுதவில்லை. இந்த வகையைச் சில கம்பெனிகள் செய்கின்றன, நான் சொல்கிற நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பள்ளியில் காலங்காலமாக ஹார்மோனியம்தான். முன்பு பாட்டு சொல்லிக்கொடுத்த சார் நல்ல சாரீரம் உள்ளவர், ஒன்றரைக் கட்டையில் பாடுவார். அந்தக் கட்டையிலேயே பிரேயரும் நிலைத்துவிட்டது. ஆம்பிளைக் குரலுக்கு ஒன்று, ஒன்றரை, ரெண்டு சரி. ஏழு வயதுப் பிள்ளை அந்த ஸட்ஜத்தைத் தொட என்ன செய்யும்? கீழே இறங்கினால் குரல் தொண்டையிலேயே நின்று காற்றாகப் போகும். மேலே ஒரு ஸ்தாயி (ஸ முதல் மேல் ஸ வரை) தாண்டிப் பிடித்தால் ப வரும்போது கத்தல் ஆகும். சில பிள்ளைகள் ரெண்டுக்கும் நடுவில் ஏதோ ஒரு இடத்தில் நின்றுகொண்டு, பேசுகிற குரலிலேயே சொற்களைச் சொல்லிக்கொண்டு போவார்கள். அந்தப் பிள்ளைகளுக்குத்தான் "இவனுக்குச் சுருதியே இல்லை" என்று பெயர் விழுகிறது. அந்தப் பெயர் விழுந்தபின் ஆயுசுக்கும் பாட மாட்டார்கள். "நான் பாத்ரூமில்கூடப் பாட மாட்டேன் மிஸ்" என்று சொல்லும் அப்பாக்களை ஒவ்வொரு பெற்றோர் கூட்டத்திலும் பார்க்கிறேன். அவர்களுக்கும் நாலாம் வகுப்பிலோ அஞ்சாம் வகுப்பிலோ யாரோ ஒருவர் அப்படிச் சொல்லியிருப்பார்கள்.

சுருதிப்பெட்டியில் குமிழைத் திருப்பினால் கட்டை மாறுகிறது. அவ்வளவுதான் அதன் பெருமை, அதுவே போதும். ஹார்மோனியத்திலும் மாற்றலாம்தானே என்று கேட்பீர்கள். மாற்றலாம். ஆனால் வலது கை விசையில், இடது கை துருத்தியில், கண் விசைமேல் இருக்கும்போது நாற்பது முகத்தை யார் பார்ப்பது? பெட்டியை மேஜையில் வைத்துவிட்டால் நான் பிள்ளைகளுக்கு நடுவில் நடக்கலாம், குனிந்து ஒவ்வொருவர் வாயருகே காது கொடுக்கலாம். வருஷ ஆரம்பத்தில் ஒவ்வொரு வகுப்பிலும் நாலு, நாலரை, அஞ்சு, அஞ்சரை, ஆறு என்று ஏற்றிக்கொண்டே போய், எந்தக் கட்டையில் அறை மொத்தமும் ஒன்றாகத் திறக்கிறது என்று கேட்டேன். ஒன்றாம், ரெண்டாம் வகுப்புக்கு ஆறு கட்டை. அதற்கு மேல் ஆறரை வைத்தாலும் சிரமப்படவில்லை. மூன்று, நாலு, அஞ்சாம் வகுப்புக்கு அஞ்சு கட்டை, அதாவது மேற்கத்திய முறையில் ஜி. ஸட்ஜம் கீழே வசதியாக நின்றது, மேல் ஸட்ஜமும் கழுத்து நரம்பு புடைக்காமல் வந்தது. உங்கள் பிள்ளைகளுக்கு அரைக் கட்டை முன்னே பின்னே இருக்கலாம். கேட்டுப் பார்த்து வையுங்கள். பிள்ளைக்குச் சுருதி சேரவில்லை என்று ரிப்போர்ட் கார்டில் எழுதுவதற்கு முன்னால், நாம் வைத்த சுருதி அந்தப் பிள்ளைக் குரலுக்குச் சேர்கிறதா என்று பார்க்க வேண்டியது நம் கடமை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வருகைப்பதிவைப் பாட்டாக எடுப்பதுதான் இந்தப் பெட்டியை வைத்து நான் செய்ததிலேயே பலன் தந்தது. பெட்டி ஓடிக்கொண்டிருக்கும். நான் பெயரை ஸட்ஜத்தில் பாடிக் கூப்பிடுவேன், பிள்ளை "உள்ளேன் மிஸ்" என்று அதே ஸட்ஜத்தில் பாட வேண்டும். ஆகஸ்டுக்குப் பிறகு நான் ஸ-வில் கூப்பிட்டால் அவர்கள் ப-வில் பதில் சொல்வது. தீபாவளிக்குப் பிறகு "ஸ, ப, மேல் ஸ" என்று மூன்றையும் தொட்டு வருவது. நாற்பது பேருக்கும் சேர்த்து நாலு நிமிஷம் ஆகும். இந்த நாலு நிமிஷத்தில் ஒவ்வொரு பிள்ளையின் தனிக்குரலும் என் காதில் விழுந்துவிடுகிறது. கோரஸில் மறைந்துகொள்ளும் பிள்ளையைக் கண்டுபிடிக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை. பதிவேட்டில் வந்தவர்களுக்குப் போடும் டிக்குக்குப் பக்கத்தில் சுருதியில் நின்றால் ஒரு புள்ளி, கீழே போனால் ஒரு சிறு கோடு. பிள்ளைகளுக்கு இது தெரியாது. தனியாகப் பரீட்சை வைத்தால் குரல் நடுங்கும், வருகைப்பதிவுக்கு நடுங்காது.

ஜூன், ஜூலைப் பக்கங்களில் மூன்றாம் வகுப்பில் பாதிக்கு மேல் கோடுதான். மார்ச் பக்கத்தில் அஞ்சாறு பேரைத் தவிர எல்லாருக்கும் புள்ளி. அந்த அஞ்சாறு பேரும் பெரும்பாலும் பையன்கள். அண்ணன் குரலைப் பார்த்து வேண்டுமென்றே கட்டைக் குரலில் பேசிப் பழகியவர்கள். அவர்களுக்கு மேல்குரல் இருக்கிறது, அது தங்களுடையது என்று தெரியாது. அவர்களோடு ஆம்புலன்ஸ் விளையாட்டு விளையாடுவேன். சைரன் மாதிரி கீழேயிருந்து மேலே ஊளையிட்டுப் போய், பெட்டியின் ஸட்ஜம் வரும்போது அங்கேயே நிறுத்த வேண்டும். ஒரு பையன் டிசம்பர் வரைக்கும் கோடு மட்டுமே வாங்கியவன். பொங்கல் விடுமுறை முடிந்து வந்த வாரம், சைரனில் மேலே போனவன் ஸட்ஜத்தில் நின்றான். நின்றது அவனுக்கே கேட்டுவிட்டது. கண் விரிந்தது. பக்கத்துப் பையன் தொடையில் தட்டினான். அன்றைக்கு அவன் பெயருக்கு நேரே நான் போட்ட புள்ளி கொஞ்சம் பெரிதாகவே இருக்கிறது.

இதெல்லாம் ஹார்மோனியம் வைத்தும் நடக்கும் என்று சொல்கிற நண்பர்கள் உண்டு. நடக்கும். ஆனால் ஒன்று நடக்காது. ஹார்மோனியமும் கீபோர்டும் ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக வெட்டியவை. அதில் வரும் அந்தர காந்தாரம் (க), ஸட்ஜத்தோடு இயற்கையாகச் சேரும் காந்தாரத்தைவிடக் கிட்டத்தட்ட அரை சுரத்தில் ஏழில் ஒரு பங்கு மேலே நிற்கும். சின்ன வித்தியாசம்தான், ஆனால் மாயாமாளவகௌளை ராகத்தில் ஸரளி வரிசை என்ற முதல் பாடத்தைப் பாடும் பிள்ளை தினமும் அந்த காந்தாரத்தைத் தொடுகிறது. கீபோர்டோடு பழகினால் அந்த இடமே காதில் உட்காரும். தம்பூராவில் அப்படி இல்லை. மந்திர ஸட்ஜத் தந்தியை மீட்டும்போது அதன் உள்ளேயிருந்தே காந்தாரம் தானாக ஒலிக்கும். சுயம்பு காந்தாரம் என்று அதனால்தான் பெயர். அடிச்சுரத்தையும் சேர்த்து எண்ணினால், தந்தியின் அதிர்வில் ஐந்தாவது சுரக்கூறு அது. பதிவு செய்த தம்பூரா ஒலியை வைத்திருக்கும் நல்ல பெட்டியிலும் இது கேட்கும். வாங்கும்போது நான் சோதித்துப் பார்த்த முதல் விஷயமே இதுதான்.

நாலாம் வகுப்பில் ஒரு நாள் பவர் கட். ஃபேன் நின்றுவிட்டது. பெட்டியில் பேட்டரி போட்டிருந்ததால் அது மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக் கேட்கச் சொன்னேன், வேறு எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண், "மிஸ், உள்ளுக்குள்ள இன்னொருத்தங்க பாடுறாங்க" என்றாள். என்ன பாடுகிறார்கள் என்று கேட்டேன். மெல்ல, சரியாக, காந்தாரத்தைப் பாடிக் காட்டினாள். பிறகு ஒவ்வொருவராகக் கேட்கத் தொடங்கினார்கள். கேட்காதவர்கள் பெட்டியில் காதை ஒட்டிவைத்துக் கேட்டார்கள். அன்றைக்கு வேறு பாடம் நடத்தவில்லை. அந்த வகுப்பு அதற்குப் பிறகு ஸ-ரி-க-ம பாடும்போது க-வில் ஒரு கணம் நிதானிக்கிறார்கள். நான் சொல்லிக்கொடுத்தது இல்லை அது.

பிரேயர் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பாட்டு டீச்சரின் மானம் அங்கேதான் இருக்கிறது. தமிழ்த்தாய் வாழ்த்தை 2021 டிசம்பரில் அரசு மாநிலப் பாடலாக அறிவித்தபோது, முல்லைப்பாணியில், அதாவது மோகன ராகத்தில், மும்மூன்றாக எண்ணும் மூன்றன் நடையில், 55 விநாடியில் பாட வேண்டும் என்று ஆணையிலேயே சொன்னார்கள். தேசிய கீதத்துக்கு 52 விநாடி. ஒலிபெருக்கியில் ரெக்கார்டு போட்டுக் கூடவே முணுமுணுக்கும் பள்ளிகள் நிறைய. எங்கள் பள்ளியிலும் ரெக்கார்டுதான் இருந்தது. ஆகஸ்டு 15-க்குப் பிறகு அதை நிறுத்திவிட்டு, பெட்டியிலிருந்து ஒரு ஒயர் இழுத்து மைக் ஆம்ப்ளிஃபயரில் சொருகி, அஞ்சு கட்டையில் சுருதி மட்டும் வைத்துப் பிள்ளைகளையே பாட வைத்தோம். முதல் வாரம் எழுபது விநாடிக்குப் பக்கத்தில் இழுத்தது, கடைசி வரியில் சுருதி அரைக் கட்டை இறங்கியது. பிள்ளைகளுக்கு இறங்கியது தெரிந்தது என்பதுதான் எனக்கு முக்கியம். பெட்டி ஓடிக்கொண்டே இருப்பதால், முடிந்ததும் அவர்கள் ஸட்ஜமும் பெட்டியின் ஸட்ஜமும் உரசுவது எல்லார் காதிலும் விழும். ரெக்கார்டு அதை மூடிவிடும். வேகத்துக்கு "தகிட தகிட" என்று நடந்துகொண்டே பழக வைத்தேன். அக்டோபரில் 55-க்கு வந்துவிட்டோம். எச்.எம். மேடம் இப்போது ரெக்கார்டு பெட்டியைத் திறப்பதே இல்லை.

இங்கே ஒரு சின்ன உபாயம், வேறு எங்கும் நான் படித்ததில்லை, அதனால் எழுதிவைக்கிறேன். பொம்மைக் கடையிலும் ஸ்டேஷனரியிலும் கிடைக்கும் எட்டுத் தகடு உள்ள இரும்பு சைலஃபோன் எங்கள் அலமாரியில் அஞ்சாறு கிடந்தது. சி-யிலிருந்து மேல் சி வரை. சி-யை ஸட்ஜமாக வைத்தால் சங்கராபரணம் கிடைக்கும், ஆனால் ஒரு கட்டை சுருதி. பிள்ளைகள் பாடுகிற அஞ்சு கட்டையோடு சேராது. ஜி-யை ஸட்ஜமாக வைத்துப் பாருங்கள். டி, ஈ, ஜி, ஏ, பி. கீழ்ப் பஞ்சமம், கீழ்த் தைவதம், ஸட்ஜம், சதுஸ்ருதி ரிஷபம், அந்தர காந்தாரம். அப்படியே மோகனம்! ரெண்டு சி-யையும் எஃப்-ஐயும் மட்டும் திருகு கழற்றி எடுத்துவிட்டால் போதும், பிள்ளை எந்தத் தகட்டைத் தட்டினாலும் தப்பு சுரமே வராது. சுருதிப்பெட்டி அஞ்சு கட்டையில் ஓட, ஆறு பிள்ளைகள் தட்ட, மீதிப் பேர் தாளம் போட, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களே நாலு சுரத்தில் கேள்வியும் பதிலும் செய்தார்கள். ஒன்று மட்டும் எச்சரிக்கை: இந்தப் பொம்மை சைலஃபோன்களில் பாதி சுருதி தப்பியவை. கடையிலேயே போனில் ட்யூனர் ஆப் வைத்து, ஜி-யும் டி-யும் சரியாக இருக்கிறதா என்று தட்டிப் பார்த்து வாங்குங்கள். எங்களிடம் இருந்ததில் ரெண்டை ஒதுக்கிவிட்டேன்.

குறைகளுக்கு வருகிறேன். முதல் குறை ஸ்பீக்கர். வீட்டில் தனியாகச் சாதகம் செய்யப் போதும். நாற்பது பிள்ளைகள் பாடும்போது பின்வரிசைக்குப் பெட்டி கேட்காது. கேட்காத சுருதி இருந்தும் பயனில்லை. ஒலியளவை முழுதாக வைத்தால் கரகரக்கிறது. ஒரு சின்ன வெளி ஸ்பீக்கரை ஒயரில் இணைத்து அறையின் நடுவில் வைத்தேன், அதன்பின் பிரச்சினை இல்லை. ஆகவே ஸ்பீக்கருக்கு ஆயிரமோ ஆயிரத்து ஐந்நூறோ தனியாக ஒதுக்கிக்கொள்ளுங்கள். வெளி இணைப்புத் துளை இல்லாத மலிவு மாடல் பள்ளிக்கு ஆகவே ஆகாது.

ரெண்டாவது, கரண்ட் போய் வந்தால் எங்கள் பெட்டி தானாக ஒரு கட்டைக்குப் போய்விடுகிறது. கும்பகோணத்தில் மின்தடை எவ்வளவு சகஜம் என்று சொல்ல வேண்டாம். அஞ்சில் பாடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் திடீரென்று ஒன்றில் சுருதி கேட்டால் அன்றைய வகுப்பே கலைந்துவிடும். கடைசியாக வைத்த கட்டையை நினைவில் வைத்துக்கொள்ளும் மாடல்கள் இருக்கின்றன, கொஞ்சம் விலை கூட. கூடக் கொடுத்து அதையே வாங்குங்கள். இல்லையென்றால் எப்போதும் பேட்டரி போட்டே வையுங்கள்.

மூன்றாவது அடாப்டர். பின் நுழையும் இடம் நவம்பரிலேயே ஆடத் தொடங்கியது. வாங்கிய கடைக்குக் கொண்டுபோனால் "கம்பெனிக்கு அனுப்ப வேண்டும்" என்று வாங்கி வைத்துக்கொண்டு, ஆண்டு விழா ஒத்திகை நடக்கும் நேரத்தில் ஒரு மாதத்துக்கு மேல் இழுத்தடித்தார்கள். வாரன்டி கார்டில் கடை முத்திரை சரியாக இல்லை என்று வேறு ஒரு காரணம். இதில் எனக்கு உண்மையாகவே வருத்தம். வீட்டில் சாதகம் செய்கிறவருக்கு ஒரு மாதம் பெட்டி இல்லாவிட்டால் சமாளிப்பார். ஒரு பள்ளிக்கு அது இருநூறு பிள்ளைகளின் ஒரு மாதம். கடைசியில் தெருமுனையில் ரேடியோ ரிப்பேர் செய்யும் பெரியவர்தான் அரை மணி நேரத்தில் புது சாக்கெட் வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தார்.

பெட்டி இல்லாத அந்த மாதம் போனில் தம்பூரா ஆப் வைத்து ஓட்டினேன். ஒலி நன்றாகவே இருக்கிறது, இலவசம், கட்டையும் மாறும். தனி மாணவருக்கு அது போதும் என்று தயங்காமல் சொல்வேன். வகுப்புக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். நடுவில் போன் வரும், சுருதி அறுந்துபோகும். வகுப்பில் டீச்சர் போனைத் தொட்டாலே பெற்றோருக்கும் நிர்வாகத்துக்கும் ஒரு கேள்வி. அதைவிட, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போனைப் பார்த்ததும் அதில் படம் ஏதாவது வருமா என்றுதான் பார்க்கும். பெட்டியைப் பார்த்தால் காதுதான் வேலை செய்கிறது.

அதேசமயம் அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியைகளுக்கு ஆப்தான் நடைமுறை. என் நாத்தனார் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் வேலை பார்க்கிறாள். 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து நாள் முழுக்கப் பாட்டும் ஆட்டமுமாகத்தான் பாடம். பாட்டுக்கென்று தனி டீச்சர் அங்கே கிடையாது, எல்லாப் பாட்டும் அவளே பாட வேண்டும், சாயங்காலம் தொண்டை கட்டிவிடும். "உன் கட்டையில் பாடாதே, பிள்ளைகள் கட்டையில் ஆரம்பித்துக் கொடுத்துவிட்டு நீ நிறுத்திக்கொள்" என்று சொல்லி, காலையில் ஆறு கட்டை ஸட்ஜத்தை ஆப்பில் ஒரு தடவை கேட்டுவிட்டுத் தொடங்கச் சொன்னேன். பிள்ளைகள் தாங்களே பாட ஆரம்பித்துவிட்டார்கள், தொண்டையும் பரவாயில்லை என்கிறாள். அவளுக்குப் பெட்டி தேவைப்படவில்லை.

இந்தப் பெட்டியைப் பார்த்து ஒரு பெரியவர் மனசு கஷ்டப்பட்டதையும் சொல்ல வேண்டும். ஆடுதுறைப் பக்கம் நரசிங்கம்பேட்டையிலிருந்து எங்கள் பள்ளிக்கு வேனில் பிள்ளைகள் வருகிறார்கள். ஆச்சா மரத்தில் நாகஸ்வரம் கடையும் ஊர் அது, 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு பையனின் தாத்தா பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவர், மேஜையில் பெட்டியைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. நாகஸ்வர செட்டில் ஒத்து ஊதியவர். ராகம் எதுவும் வாசிக்காமல், மூச்சை உள்ளே சுழற்றிக்கொண்டு, ஒரே சுருதியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் வேலை. இந்தப் பெட்டி வந்தபின் அந்த ஆளை யாரும் கூப்பிடுவதில்லை. "எங்க சோத்துல மண்ணு போட்டது இதுதாம்மா" என்றார், கோபமில்லாமல். நான் அவரை அடுத்த வாரம் வகுப்புக்கு வரச் சொன்னேன். பெட்டியை அணைத்துவிட்டு ஒத்துக் குழலை வைத்து ஊதினார். வெளியில் ஊத வேண்டிய கருவி, அறை அதிர்ந்தது. அவர் கன்னம் உப்புவதையும், மூச்சு அறுந்துபோகாததையும் பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு பார்த்தார்கள். அவரோடு சேர்ந்து ஸட்ஜம் பிடிக்கச் சொன்னபோது, பெட்டியோடு பாடுவதைவிட நன்றாகவே சேர்ந்தார்கள். மனிதர் ஒருவர் மூச்சைக் கொடுத்துப் பிடிக்கும் சுருதிக்குப் பிள்ளைகள் தங்கள் மூச்சைக் கொடுக்கிறார்கள். அடுத்த வருஷம் அவரை மாதம் ஒரு முறையாவது வரவழைக்க, வேன் கூலியும் ஒரு சிறு சம்பாவனையும் கேட்டு கரஸ்பாண்டென்ட் சாரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பெட்டி வாங்கும் எந்தப் பள்ளியும் பக்கத்தில் இப்படி ஒருவர் இருக்கிறாரா என்று விசாரிக்க வேண்டும்.

பெட்டியால் தீராதது ஆண்டு விழா. சினிமாப் பாட்டு கரோக்கி டிராக் எல்லாம் பெரியவர்கள் குரலுக்குச் செய்தவை. வருஷம் முழுக்க அஞ்சு கட்டையில் அழகாகத் திறந்த குரல், பிப்ரவரியில் அந்த டிராக்கோடு மல்லுக்கட்டி மூன்று வாரத்தில் கட்டிப்போகிறது. டிராக்கை அரை அரைக் கட்டையாக ஏற்றும் ஆப்கள் இருக்கின்றன, இந்த வருஷம் ரெண்டு பாட்டுக்கு அப்படிச் செய்தோம். மற்றவற்றுக்கு வகுப்பு டீச்சர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, "ஒரிஜினல் மாதிரி இல்லை" என்றார்கள். வரும் வருஷம் ஒவ்வொரு வகுப்பும் ஒரு பாட்டாவது டிராக் இல்லாமல், சுருதியும் கைத்தாளமும் மட்டும் வைத்து மேடையில் பாட வேண்டும் என்று ஸ்டாஃப் மீட்டிங்கில் கேட்கப் போகிறேன். நாலாம் வகுப்பு தயாராக இருக்கிறது. மலஹரி ராக கீதத்தை ரெண்டு காலத்தில் (வேகத்தில்) பாடுகிறார்கள்.

மதிப்பெண் கொடுக்கச் சொன்னால் எங்கள் மாடலுக்கு ஐந்தில் நாலு. நினைவில் வைக்கும் வசதியும் உறுதியான சாக்கெட்டும் இருந்திருந்தால் முழுதாகக் கொடுத்திருப்பேன்.

வாங்கப் போகிறவர்கள் மே மாதத்திலேயே போங்கள். விஜயதசமிக்கு முன்னால் கூட்டம் நெரியும், நின்று கேட்டுப் பார்க்க விடமாட்டார்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஏழெட்டு வயதுப் பிள்ளை ஒன்றைக் கூட்டிக்கொண்டு போய், பெட்டியை அஞ்சரையில் வைத்து, கடையிலேயே ஒரு வரி பாடச் சொல்லுங்கள். அஞ்சுக்கு மேல் போகும்போது சில மாடல்களில் ஒலி தகரமாகிவிடும், விற்பவர் எப்போதும் ஒன்றிலோ ரெண்டிலோதான் போட்டுக் காட்டுவார். பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகி, வைத்த கட்டை அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். பில்லிலும் வாரன்டி கார்டிலும் தேதியோடு முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு, கார்டைப் பள்ளி அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.